கெட்ட செய்தி சொன்னவருக்கு என்ன ஆனது? மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பலதரப்பட்டவர்கள் சேர்ந்து வேலை செய்யும் குழுக்களை நடத்தும் மேலாளர்களுக்கும், அவர்களுக்குப் பயிற்சி வகுப்பு ஏற்பாடு செய்து தரும் மனிதவளத் துறையினருக்கும்,

வணக்கம்.

போன மாதம், நம்பிக்கையை வளர்ப்பது எப்படி என்ற பயிற்சியில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர் தோளை ஒருவர் பிடித்து நடந்தோம். பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்து, பிடிக்கிறார்களா என்று பார்த்தோம். பிடித்தார்கள். வெவ்வேறு மொழிக்காரர்களும் வெவ்வேறு வயதுக்காரர்களும் கலந்திருக்கும் குழுவில் பரஸ்பர நம்பிக்கை எவ்வளவு முக்கியம் என்று வண்ண வண்ணப் படங்களோடு விளக்கினார்கள். சாயங்காலம் கருத்துப் படிவம் வந்தது. அதில் மூன்றாவது கேள்வி: 'உங்கள் குழுவில் மனதில் பட்டதைத் தயங்காமல் சொல்ல முடிகிறதா?' படிவத்தின் உச்சியில், நிரப்பாவிட்டால் அடுத்த பக்கத்துக்கு விடாத ஒரு கட்டம்: பணியாளர் எண்.

'முடிகிறது' என்று குறித்தேன். கீழே 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்று எழுதி அனுப்பிவிட்டேன். பக்கத்தில் இருந்தவரும் அதையேதான் எழுதினார். எட்டிப் பார்த்தேன்.

அந்தப் படிவத்தில் எழுதாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இருபது வருடமாகக் கலவையான குழுக்களில் வேலை பார்ப்பவன் நான். மென்பொருள் சோதனை என் தொழில். ஓரிரு வருடம் ஒரு சின்னக் குழுவுக்குப் பொறுப்பாகவும் இருந்திருக்கிறேன். அதை நன்றாகச் செய்தேன் என்று சொல்ல முடியாது. அந்தக் கதையையே முதலில் சொல்லிவிடுகிறேன்; உங்களைக் குறை சொல்வதற்கு முன் என் கணக்கைத் தீர்த்துவிடுவது நல்லது.

குழுவில் என்னைத் தவிர எட்டுப் பேர். நான்கு தாய்மொழிகள். மூன்று பேர் திரை வழியாக மட்டுமே தெரிந்தவர்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவர் வேறு துறையிலிருந்து வந்தவர். நாங்கள் மீட்டிங்கில் பேசும் மொழி அவருக்கு மூன்றாவது மொழி. மென்பொருளை வெளியிடப் பத்து நாள் இருந்தது. வாராந்தர மீட்டிங் முடிந்து எல்லோரும் எழுந்திருக்கப் போகும் நேரத்தில் மெல்லிய குரலில் சொன்னார்: 'வேறு நேர மண்டலத்தில் இருக்கிறவர்களுக்குத் தேதி ஒரு நாள் தள்ளிக் காட்டும் என்று நினைக்கிறேன்.' நான் சிரித்துக்கொண்டே, 'வந்து ரெண்டு வாரம்தானே ஆச்சு, கொஞ்சம் பழகிட்டுச் சொல்லுங்க' என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

வெளியிட்ட மறுநாள் அதேதான் நடந்தது. இரண்டு ராத்திரி தூங்காமல் சரிசெய்தோம். அசதியும் எரிச்சலுமாக, 'தெரிஞ்சிருந்தும் ஏன் அழுத்திச் சொல்லலை?' என்று அவரிடம் கேட்டேன். 'சொன்னேனே' என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

அவரை அவமானப்படுத்த வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. பழகிய குழுவில் எல்லோரும் போடும் சாதாரண ஜோக் அது. ஆனால் அந்த ஜோக்குக்கு மீட்டிங்கில் எட்டுப் பேர் சாட்சி. புதிதாக வந்தவர் வாயைத் திறந்தால் என்ன கிடைக்கும் என்பதை அவர் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை, மற்ற ஏழு பேரும் கற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு என் மீட்டிங்குகள் சீக்கிரமே முடிய ஆரம்பித்தன. நேரத்தை மிச்சப்படுத்தும் குழு என்று எனக்குப் பாராட்டுகூடக் கிடைத்தது.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். குழுவில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பதைப் பயிற்சி அறையில் தேடாதீர்கள். கடைசியாகக் கெட்ட செய்தி கொண்டுவந்தவருக்கு எல்லோர் முன்னாலும் என்ன நடந்தது என்று பாருங்கள். ஒருவர் சாய்ந்து விழும்போது பிடிப்பது சுலபம். ஜோக்கை விழுங்குவதுதான் கஷ்டம்.

இதே பாடத்தை மிகப் பெரிய விலை கொடுத்துப் படித்த தொழில் ஒன்று உண்டு: விமானம் ஓட்டுவது. 1977 மார்ச் 27, டெனெரீஃப் தீவு. ஓடுதளத்தில் மூடுபனி. பான் ஆம் விமானம் இன்னும் ஓடுதளத்திலேயே இருக்க, கேஎல்எம் விமானத்தின் கேப்டன் புறப்பட விசையைத் தள்ளிவிட்டார். பின் இருக்கையில் இருந்த விமானப் பொறியாளருக்கு வானொலியில் கேட்டது உறுத்தியது. அந்த பான் ஆம் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொன்னார். பொறியாளர் மறுபடி கேட்கவில்லை. கேப்டன் அந்த நிறுவனத்தின் மிக மூத்த விமானிகளில் ஒருவர், மற்ற விமானிகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். அப்படிப்பட்டவரிடம் ஒரே கேள்வியை இரண்டு முறை எப்படிக் கேட்பது? இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள்.

அடுத்த வருடம், 1978 டிசம்பர் 28, போர்ட்லாந்துக்குப் போன யுனைடெட் 173 விமானம். சக்கரம் சரியாக இறங்கியதா என்ற சந்தேகத்தில் கேப்டன் வானத்திலேயே வட்டமடித்துக்கொண்டிருந்தார். எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது கூட இருந்தவர்களுக்குத் தெரியும். சொல்லவும் செய்தார்கள். ஆனால் கேப்டனின் மனதில் தைக்கும்படி சொல்லவில்லை. பட்டும் படாமல் சொன்னார்கள். எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது. 10 பேர் இறந்தார்கள்.

இதன் பிறகுதான் 1979இல் நாசா ஒரு பட்டறையைக் கூட்டியது. 1981இல் யுனைடெட் நிறுவனம் ஒரு புதிய பயிற்சியைத் தொடங்கியது. க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட் என்று பின்னால் உலகம் முழுக்கப் பரவியது அதுதான். நான் மதிப்பது இதைத்தான்: விமானிகளை ஒருவருக்கொருவர் பிடித்துப்போகச் செய்வது அதன் வேலையாக இருக்கவில்லை. கீழே இருப்பவர் சந்தேகத்தைச் சொல்வது விருப்பம் அல்ல, கடமை. கேப்டன் அதைக் கேட்பது பெருந்தன்மை அல்ல, வேலை. மரியாதை குறையாமலே அழுத்திச் சொல்வது எப்படி என்பதற்குப் பழக்கம் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் கிண்டல் செய்த மூத்த விமானிகளும் உண்டு.

பலன் 1989 ஜூலை 19 அன்று தெரிந்தது. யுனைடெட் 232 விமானத்தின் வால்பகுதி எஞ்சின் வெடித்து, விமானத்தைத் திருப்பும் ஹைட்ராலிக் அமைப்புகள் மொத்தமும் செயலிழந்தன. கேப்டன் ஆல் ஹேன்ஸ், பயணிகள் இருக்கையில் வந்துகொண்டிருந்த டென்னி ஃபிட்ச் என்ற பயிற்சி விமானியை உள்ளே அழைத்தார். இருவருக்கும் முன்பின் பழக்கம் இல்லை. காக்பிட்டில்தான் ஒருவருக்கொருவர் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டார்கள். எஞ்சின் விசைகளை ஃபிட்ச் கையில் கொடுத்துவிட்டு, காக்பிட்டில் இருந்த மற்ற இருவரோடும் சேர்ந்து நால்வரும் பேசிப் பேசியே சூ சிட்டி ஓடுதளம் வரை கொண்டுவந்தார்கள். தரையிறங்கும்போது விமானம் உடைந்தது. ஆனாலும் 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். ஹேன்ஸ் பின்னாளில் கூட்டங்களில் சொல்வார்: அந்த அறையில் மொத்தம் 103 வருடப் பறக்கும் அனுபவம் இருந்தது, ஆனால் இப்படி ஒரு நிலைமைக்கு ஒரு நிமிடம்கூட யாரும் பயிற்சி எடுத்ததில்லை. எல்லாம் தனக்கே தெரியும் என்று நினைத்திருந்தால் பிழைத்திருக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொல்வார்.

முன்பின் தெரியாத ஒருவரை அரை நிமிடத்தில் நம்ப முடிந்தது எப்படி? சேர்ந்து சுற்றுலா போனதால் அல்ல. யார் பேசினால் என்ன நடக்கும் என்பது இருவருக்கும் முன்பே தெரிந்திருந்தது, அதனால்.

சரி, விமானத்தை விடுவோம். மேலே சொன்ன முதல் இரண்டு விபத்துகளிலும் ஒரு காக்பிட்டுக்குள் இருந்தவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி ஆட்கள். ஒரே மொழி, ஒரே தொழில், எல்லோரும் ஆண்கள். பதவி என்ற ஒரே ஒரு படிக்கட்டுதான் நடுவில். அதுவே வாயைக் கட்டிப்போட்டது. உங்கள் குழுவில் எத்தனை படிக்கட்டுகள் என்று எண்ணிப் பாருங்கள். உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்பது ஒன்று. அறையில் நான் ஒருத்திதான் பெண் என்பது ஒன்று. ஐம்பது வயதில் இந்தக் கேள்வியைக் கேட்டால் காலாவதியானவன் என்று நினைப்பார்களோ, நான் ஒப்பந்தப் பணியாளன்தானே, எனக்கு எதற்கு வம்பு... ஒவ்வொரு படியையும் ஏறி வந்துதான் ஒருவர் பேச வேண்டியிருக்கிறது. 'என் கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது' என்று சொல்கிறீர்கள். கதவு திறந்துதான் இருக்கிறது. படிக்கட்டைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

'எங்கள் குழுவில் பிரச்சினையே வராது, எல்லாம் சுமூகம்' என்று பெருமைப்படும் மேலாளர்களுக்கு ஒன்று. ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். எண்கள் தலைகீழாக இருந்தன: நன்றாக நடத்தப்படும் குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகமாகத் தவறு செய்யவில்லை, நடந்த தவறை மறைக்காமல் பேசினார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. அங்கிருந்து கிளைத்து, 1999இல் ஒரு தொழிற்சாலை நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரைதான் உளவியல் பாதுகாப்பு, அதாவது பேசினால் கேலியோ தண்டனையோ வராது என்ற உணர்வு, என்ற சொல்லைப் பணியிடங்களில் பரவலாக்கியது. கூகுள் தன் 180 குழுக்களை அலசியபோதும் இதுவே முதலிடத்தில் வந்தது. இதெல்லாம் மனிதவளத் துறையினருக்குத் தெரியாததல்ல. போன மாதப் பயிற்சியின் ஸ்லைடில்கூட இருந்தது. அந்த ஸ்லைடுக்கும் படிவத்தின் அந்தக் கட்டத்துக்கும் நடுவில்தான் நாங்கள் வேலை செய்கிறோம்.

பலதரப்பட்ட ஆட்களைச் சேர்த்துவிட்டால் பலதரப்பட்ட யோசனைகள் தானாக வந்து கொட்டும் என்று ஒரு நினைப்பு உண்டு. வராது. 1985இல் ஸ்டாஸர், டைட்டஸ் என்ற இருவர் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கற்பனையான வேட்பாளர்களில் சிறந்தவரைக் குழுவாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில தகவல்கள் எல்லோரிடமும் இருந்தன; சில, ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றையும் மேசையில் கொட்டினால்தான் சரியான ஆள் தெரியும். ஆனால் குழுக்கள், எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசிவிட்டுத் தவறான ஆளைத் தேர்ந்தெடுத்தன. எல்லோரும் தலையாட்டும் விஷயத்தைச் சொல்வது சுகமாக இருக்கிறது. தனக்கு மட்டும் தெரிந்ததைச் சொன்னால், 'அப்படியா, இது எங்கிருந்து வந்தது?' என்ற பார்வை வருகிறது. அந்தப் பார்வையைத் தாங்கச் சீனியர்களுக்குப் பழக்கம் இருக்கிறது, புதியவருக்கு இல்லை.

இன்னொரு ஆய்வு இதைவிட எனக்குப் பிடித்தது. 2009இல் கேத்ரின் ஃபிலிப்ஸும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டது. ஏற்கெனவே பழக்கமான மூன்று பேரிடம் ஒரு கொலைவழக்குப் புதிரைக் கொடுத்தார்கள். நடுவில் நான்காவது ஆள் வந்து சேர்வார். சில குழுக்களில் அவர் அவர்களுடைய வட்டத்தைச் சேர்ந்தவர், சில குழுக்களில் வெளியாள். வெளியாள் சேர்ந்த குழுக்களே அதிகமாகச் சரியான விடையைக் கண்டுபிடித்தன. ஆனால் 'நன்றாக வேலை செய்தோமா, விடை சரி என்று நம்புகிறீர்களா?' என்று கேட்டால், அவர்களுக்குத்தான் நம்பிக்கை குறைவு! தெரிந்தவர்களோடு மட்டும் இருந்தவர்கள் தவறான விடையோடு திருப்தியாக இருந்தார்கள்.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். கலவையான குழு நன்றாக வேலை செய்யும்போது உள்ளே இருப்பவர்களுக்கு அது சுகமாக இருப்பதில்லை. விளக்க வேண்டியிருக்கிறது, நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டியிருக்கிறது, 'இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே' என்று தாண்டிப் போக முடிவதில்லை. நீங்களோ வருடக் கடைசியில் 'குழுவில் இணக்கம் எப்படி?' என்று கேட்டு, அதற்கு வரும் மதிப்பெண்ணை வைத்து நம்பிக்கையை அளக்கிறீர்கள். அந்த உரசலைக் கண்டு பயந்து, கொஞ்ச நாளில் தங்களைப் போலவே இருப்பவர்களை மட்டும் குழுவுக்கு எடுக்க ஆரம்பித்த மேலாளர்களை நான் பார்த்திருக்கிறேன். 'டீமுக்குச் செட் ஆகணும்' என்பார்கள். எதற்குச் செட் ஆகவேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

உரசல் எல்லாம் நல்லது என்று சொல்லவில்லை. வேலையைப் பற்றிய உரசல் வேறு, ஆளைப் பற்றிய உரசல் வேறு. முதலாவது இரண்டாவதாக மாறிவிடாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

அப்புறம், மொழி. வேறு எதைவிடவும் மொழியில்தான் சத்தமில்லாமல் நம்பிக்கை உடைகிறது. பொதுமொழியில் சரளமாகப் பேசுகிறவர் யோசித்துக்கொண்டே பேசிவிடுவார். மற்றவர் முதலில் யோசித்து, பிறகு மனதுக்குள் மொழிபெயர்த்து, வாக்கியம் சரியா என்று பார்த்துவிட்டு வாயைத் திறப்பதற்குள் பேச்சு மூன்று விஷயம் தாண்டிப் போயிருக்கும். அவர் மெளனமாக இருப்பதைப் பார்த்து 'ஆர்வம் இல்லாதவர்' என்று அப்ரைசலில் எழுதுவார்கள். இதற்குப் பெரிய தீர்வு எதுவும் தேவையில்லை. பேசப்போகும் விஷயத்தை முந்தின நாளே எழுத்தில் அனுப்புங்கள். மீட்டிங் தொடங்கியதும் ஐந்து நிமிடம் எல்லோரும் தங்கள் கருத்தை எழுதட்டும், அதன் பிறகு பேசலாம். மேலாளர் கடைசியில் பேசட்டும். நீங்கள் முதலில் கருத்துச் சொல்லிவிட்டு 'எல்லோரும் மனம்விட்டுப் பேசுங்கள்' என்றால், நாங்கள் உங்கள் கருத்தையே வேறு வார்த்தைகளில் சொல்லுவோம். அதில் எங்களுக்கு நல்ல தேர்ச்சி உண்டு.

ஒரே மொழி பேசினாலும் வார்த்தைகள் ஒன்றாக இருப்பதில்லை. 'சரி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு அது 'ஒத்துக்கொள்கிறேன்'. இன்னொருவருக்கு 'காதில் விழுந்தது'. மூன்றாமவருக்கு 'எனக்கு உடன்பாடில்லை, ஆனால் உங்களோடு வாதாட விருப்பமும் இல்லை'. 'முடிந்தது' என்றால் எழுதி முடித்ததா, சோதித்து முடித்ததா? 1999இல் நாசாவின் மார்ஸ் க்ளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை நெருங்கும்போது தொலைந்துபோனது. ஒரு குழுவின் மென்பொருள் பவுண்டு கணக்கில் எண்களைக் கொடுத்தது, இன்னொரு குழு அதை நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. பாதை எதிர்பார்த்தபடி இல்லையே என்ற சந்தேகம் வழிநடத்தும் குழுவில் சிலருக்கு முன்பே எழுந்திருந்தது, ஆனால் அது முறையான வழியில் போய்ச் சேரவில்லை. பிரமாதமான மூளைகள் இரண்டு பக்கமும் இருந்தன. 'நீங்கள் எந்த அளவையில் சொல்கிறீர்கள்?' என்ற சின்னக் கேள்விதான் இல்லாமல் போனது. எங்கள் குழுவில் இப்போது 'முடிந்தது' என்றால் என்ன என்பதை நான்கு வரியில் எழுதி வைத்திருக்கிறோம். அதற்கு அரை மணி நேரம்தான் ஆனது. பல மாதச் சண்டைகள் அதோடு நின்றன. சண்டை போட்டவர்களில் பாதிப்பேர் எதிராளியை நேர்மையற்றவர் என்றே அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பெயரையும் சொல்லவேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவை சிகிச்சைக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியலைக் கொண்டுவந்தது. கத்தியை எடுக்கும் முன் அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒரு வரி. எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் அந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்தபோது, இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது என்று 2009இல் வெளியானது. பெயர் சொன்னதால் மட்டும் குறைந்தது என்று சொல்ல வரவில்லை, பட்டியலில் வேறு பல விஷயங்கள் உண்டு. ஆனால் தொடக்கத்தில் ஒருமுறை வாய் திறந்தவர், நடுவில் ஏதாவது தப்பாகத் தெரிந்தால் மறுபடி திறப்பது எளிது என்பது எனக்கே அனுபவம். மூன்று வருடம் கூட வேலை செய்தவரின் பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொள்ளாமல், வாய்க்கு வந்தபடி சுருக்கிக் கூப்பிடுகிறோமே, அதில் ஆரம்பிக்கலாம்.

நல்ல எண்ணத்தோடு கேட்கப்படும் ஒரு கேள்வியும் இருக்கிறது: 'உங்க ஆளுங்க இதைப் பத்தி என்ன நினைப்பாங்க?' தயவுசெய்து இதைக் கேட்காதீர்கள். ஒரு மொழிக்கோ, பாலினத்துக்கோ, தலைமுறைக்கோ பிரதிநிதியாக யாரும் வேலைக்குச் சேர்வதில்லை. 'போன திட்டத்தில் தரவு மாற்றத்தைப் பார்த்தவர் நீங்கள், இதில் எங்கே இடிக்கும்?' என்று கேட்டுப் பாருங்கள், எவ்வளவு பேசுகிறார் என்று. அவருக்குத் தெரிந்ததைக் கேட்பதுதான் மரியாதை.

சின்னச் சின்ன விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆன்லைன் மீட்டிங்குக்கு எப்போதும் ஒரே ஊர்க்காரர்களே நள்ளிரவில் விழித்திருக்கிறார்கள். நேரத்தைச் சுழற்சி முறையில் மாற்றுங்கள். மீட்டிங் குறிப்பு எடுப்பதும் பிறந்தநாள் ஏற்பாடும் ஏன் எப்போதும் பெண்கள் தலையில் விழுகின்றன? ஒருவர் சொன்ன யோசனையைப் பத்து நிமிடம் கழித்து வேறொருவர் உரத்த குரலில் சொல்லிப் பெயர் வாங்கினால், 'இதை முதலில் சொன்னது அவர்' என்று சொல்லவேண்டியவர் நீங்கள். அவரே சொன்னால் அற்பமாகத் தெரியும். ஒப்பந்தப் பணியாளர்களின் அடையாள அட்டைப் பட்டை வேறு நிறம். பயிற்சிக்கு அவர்களுக்கு அழைப்பும் இல்லை. பலதரப்பட்டவர்கள் என்று நீங்கள் போடும் கணக்கில் அவர்கள் ஏன் வருவதே இல்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மதிப்பீட்டில் ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்கியே ஆகவேண்டும் என்று வைத்துவிட்டு, 'ஒத்துழையுங்கள்' என்று சுவரில் எழுதி ஒட்டுவதும் வேடிக்கைதான். மைக்ரோசாஃப்ட் நிறுவனமே அப்படித் தரவரிசை போடுவதை 2013இல் கைவிட்டது.

மனிதவளத் துறையினருக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆட்களை ஒரே அறையில் சேர்த்து வைத்தால் மட்டும் ஒருவர் மீது ஒருவருக்கு இருக்கும் தப்பெண்ணம் போய்விடாது என்று கோர்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954லேயே எழுதிவிட்டார். அங்கே சம அந்தஸ்து வேண்டும், பொதுவான குறிக்கோள் வேண்டும், ஒருவரை ஒருவர் சார்ந்து செய்யும் வேலை வேண்டும், மேலிடத்தின் ஆதரவும் வேண்டும். 2006இல் கலெவ், டாபின், கெல்லி என்ற ஆய்வாளர்கள் மூவரும் அமெரிக்காவில் 708 தனியார் நிறுவனங்களின் பல வருடத் தரவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஒதுக்கப்பட்டவர்கள் மேலாளர் பதவிக்கு வருவதில், பயிற்சி வகுப்புகளால் பெரிய மாற்றம் இல்லை. 'இதற்கு இன்னார் பொறுப்பு' என்று ஆளை நியமித்த இடங்களில்தான் மாற்றம் தெரிந்தது. எனவே பயிற்சிக்குச் செலவாகும் நாளில் பாதியை, குழு எப்படி முடிவெடுக்கிறது என்பதை உட்கார்ந்து பார்ப்பதற்குச் செலவிடுங்கள். ஒரு மீட்டிங்கில் யார் எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று குறித்தாலே போதும், பாதிக் கதை தெரிந்துவிடும்.

'எல்லோர் பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்தால் டெட்லைன் என்ன ஆவது?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கேட்பது என்றால் ஏற்பது என்று அர்த்தமில்லை. எனக்கு வாய்த்த மேலாளர்களிலேயே நான் அதிகம் நம்பியவர், என் யோசனையை நிராகரித்தவர்தான். ஒரு வடிவமைப்பு தவறு என்று நான் விடாப்பிடியாக நின்றேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு எல்லோருக்கும் தெரிகிற முடிவுக் குறிப்பில் நான் சொன்ன ஆட்சேபத்தை என் வார்த்தைகளிலேயே எழுதினார். அதன் கீழே, 'ஏற்கவில்லை, காரணம் இது, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம்' என்று தேதியும் போட்டார். பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மூன்று மாதம் கழித்து அதே தேதியில் அந்தக் குறிப்பை மீட்டிங்கில் திறந்தார். நான் சொன்னதுதான் தவறு என்று எண்கள் காட்டின. எனக்குக் கொஞ்சம் வெட்கம். அவர் அதை வைத்து ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. 'அடுத்தது' என்று போய்விட்டார். அதற்குப் பிறகு அவரிடம் எதைச் சொல்வதற்கும் நான் யோசித்ததில்லை. அன்று அங்கே இருந்த மற்றவர்களும்தான்.

மடலின் ஆரம்பத்தில் சொன்ன அந்தச் சக பணியாளர் சில மாதங்களில் வேறு வேலைக்குப் போய்விட்டார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், தனியாக. அதுவும் தப்பு என்று பிறகுதான் உறைத்தது. ஜோக் அடித்தது எட்டுப் பேர் முன்னால். மன்னிப்பு மட்டும் மூடிய அறையில். அவர் பெரிய மனதோடு பரவாயில்லை என்றார். மற்ற ஏழு பேருக்கு இன்றுவரை அப்படி ஒரு மன்னிப்பு கேட்கப்பட்டதே தெரியாது.

அடுத்த பயிற்சிக்கான அழைப்பு நேற்று வந்திருக்கிறது. தலைப்பு, 'வேறுபாடுகளைக் கொண்டாடுவோம்'. வருகை கட்டாயம் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். வருகிறேன். கண்ணைக் கட்டினாலும் சரி, பின்னால் சாயச் சொன்னாலும் சரி, செய்கிறேன். ஒரே ஒரு கோரிக்கை. அன்று காலை, முதல் அரை மணி நேரத்தில், உங்களில் யாராவது ஒருவர் எழுந்து நின்று, கடைசியாக உங்களிடம் கெட்ட செய்தி கொண்டுவந்தவருக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பதை எங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். சொன்னால், சாயங்காலம் படிவத்தில் என் பணியாளர் எண்ணையும் போட்டு, மூன்றாவது கேள்விக்கு உண்மையான பதிலை எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவன்